சும்மா இருக்கும் கை

முதலில் மின்விசிறியைத்தான் சந்தேகப்பட்டேன். தலைக்கு நேர் மேலே தொங்குகிறது, ரெகுலேட்டரை மூன்றில் வைத்தால் வினாடிக்கு ஐந்து சுற்று சுமாராக வரும், அந்த ஆட்டம் கூரையிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து நாற்காலிக் காலுக்கும் ஏறிவிடும், இதெல்லாம் எனக்குப் புதிதல்ல, இந்த ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகள் கட்டிக்கொண்டிருந்த இத்தனை வருடத்தில் என் வேலையில் பாதி, உள்ளே வரக்கூடாத ஆட்டங்களை வாசலிலேயே நிறுத்துவதுதான். நிலநடுக்கமானி கட்டியபோது வளாகத்துக்கு வெளியே போகும் தண்ணீர் லாரியைப் பிடித்தேன். விண்கதிர் எண்ணும் பெட்டி கட்டியபோது அடுத்த அறையில் யாரோ டியூப்லைட் போடுவதைப் பிடித்தேன். எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன், மோதிரத்தை வலது கை ஆள்காட்டி விரலில் மறுபடி மாட்டினேன், கையை மடியில் போட்டேன். மோதிரம் என்று நாங்கள் சொல்வது ஓர் உணரி, அரிசி அளவுதான், விரலின் அசைவை வாங்கிப் பெட்டிக்கு அனுப்பும், பெட்டி அதைப் பெருக்கித் திரையில் கோடாக வரையும். டாக்டர் வசுமதிக்காகக் கட்டியது. அரசு மருத்துவமனையில் நரம்பியல் பார்க்கிறவர், பார்க்கின்சன் நோயாளிகளின் கை நடுக்கத்தை, அது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பிடிக்க வேண்டும் என்று கேட்டார், இன்று மதியம் வந்து எடுத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த மனிதனின் கையும் அசையாமல் இருப்பதில்லை, இதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன், உயிருள்ள எல்லாக் கையும் வினாடிக்குப் பத்து முறைக்குப் பக்கத்தில் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது, திரையில் அது பத்துக்கு நேரே ஒரு தாழ்ந்த மேடு. அந்த நோயில் மட்டும் ஐந்துக்கு நேரே ஓர் ஊசி நிற்கும். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, எந்தக் கருவியானாலும் முதல் அளவு கட்டியவனுடையதாக இருக்க வேண்டும். இதயத் துடிப்புக்கு என்றால் என் இதயம், மூச்சுக்கு என்றால் என் மூச்சு, கடலடியில் இறக்கும் ஒலிவாங்கிக்குக்கூட ஒரு வாளித் தண்ணீரில் என் விரல் தட்டிய சத்தம். அந்த முதல் அளவில் யாரும் ஆளைத் தேடுவதில்லை. அது கருவியின் நலத்தைச் சொல்வது. விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி நின்றது, அறை திடீரென்று பெரிதானது போல இருந்தது, பச்சைக் கோடு கொஞ்ச நேரம் தட்டையாக யோசித்தது, பிறகு ஐந்துக்கு நேரே எழுந்து நின்றது.

அப்படியென்றால் விசிறி இல்லை. பின்பக்கத்துப் பட்டறையில் ராயனின் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் தடதடப்பு இங்கே கேட்கிறது, கேட்பது வரும் என்றால் கேட்காததும் வரும், ஏன் முதலிலேயே இது தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு போனேன். ஜோசப் ராயன் பட்டறைக்குப் பொறுப்பாளர், நானும் அவரும் ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர்கள், என் கருவிகளின் உடம்பெல்லாம் அவர் கடைந்தது. "ரெண்டு நிமிஷம் நிறுத்துய்யா" என்றேன். "போன வாரம் என் லேத் மேல பழி, இன்னிக்குக் கம்ப்ரசரா? நிறுத்துறேன், நிறுத்துறேன். அப்படியே பெசன்ட் நகர்ப் பக்கம் போயி அலையையும் நிறுத்தச் சொல்லிட்டு வந்துரு, அறிவுக்கரசு." நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். ஐந்துக்கு நேரே அந்த முகடு நின்றுகொண்டிருந்தது. அவருக்குத் திரை புரியாது என்று நினைத்தேன், ஆனாலும் உடம்பைக் கொஞ்சம் நகர்த்தி மறைத்தேன், அப்படி ஏன் செய்தேன் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. "நீ போடு" என்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். "எனக்கு மோதிரம் ராசி கிடையாதுப்பா. மாமனார் போட்ட மோதிரத்தை மறு வருஷமே அவரே வாங்கி அடகு வச்சுட்டாரு." விரல் பருமன், முதல் கணுவோடு நின்றது. என் நாற்காலியில், என் இடத்தில், என்னைப் போலவே கையை மடியில் போட்டார். பத்துக்கு நேரே ஒரு மேடு, பழைய குட்டிச்சுவர் மாதிரி. ஐந்தில் ஒன்றும் இல்லை. "என்ன, பாஸா?" "பாஸ்." "அப்ப உனக்கு?" "கேபிள் லூஸு" என்றேன். அவர் போன பிறகு கேபிளைப் பார்த்தேன், லூஸ் இல்லை, மாற்றினேன், முகடு மாறவில்லை. ராயன் கனமான ஆள், அவர் உட்கார்ந்ததும் நாற்காலி அமுங்கி ஆட்டத்தை விட்டிருக்கும், நான் ஒல்லி, என் எடைக்கு நாற்காலி தன் போக்கில் ஆடுகிறது, இது நல்ல காரணம், புத்தகத்தில் இருக்கிற காரணம், பேட்டரிகள் நிறைந்த பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன், ராயனின் எடை வரும்வரை இன்னொன்றையும் வைத்தேன். கல்யாண வீட்டில் மற்றவர்களின் பைகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி இருந்தேன். பெட்டியின் மேல் கிடந்த கையில் மோதிரம். ஐந்து.

அப்பாவை நான் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன், அது வேறு. நெய்வேலியில் குவார்ட்டர்ஸ், மாலையில் வேலை முடிந்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார், வலது கை நாற்காலிக் கையில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும், இல்லாத ஒரு மணியை உருட்டுவது போல. பக்கத்து வீட்டு வரதராஜுலு அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் வந்து, "வெளியில காட்டிக்காம ஜபம் பண்றவங்களைப் பாக்குறதே அபூர்வமா போச்சு சார்" என்றார். அப்பா கருப்புச் சட்டைக்காரர். எனக்கு அறிவுக்கரசு என்று பேர் வைத்தவர், அம்மா கார்த்திகை விளக்கு வைத்தால் கரண்டு இருக்கும்போது எதற்கு என்று கேட்பவர். அவர் மறுக்கவில்லை. பிளாக் முழுக்கப் பேச்சு பரவியது, கருப்புச் சட்டைக்குள்ளே இப்படி ஒரு ஆள் என்று, பழனிக்குப் போய் வந்த ஒருவர் விபூதிப் பொட்டலத்தை அந்தக் கையிலேயே வைத்துவிட்டுப் போனார், அப்பா விரலை மூடிக்கொண்டார், மூடியதும் கை நின்றது. நான் கல்லூரி விடுமுறையில் வந்திருந்தேன். "சொல்ல வேண்டியதுதானப்பா?" "என்னன்னு சொல்றது? பக்தின்னா கும்பிடுவான். வியாதின்னா ஓவர்டைம் குடுக்க மாட்டான்." அதுவும் உண்மைதான், அவர் வேலை செய்த பட்டறையில் யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் ஸ்பேனரைப் பிடித்தால் அந்தக் கை கல் மாதிரி நிற்கும். அந்த நடுக்கத்தின் குணமே அதுதான். வேலை செய்யும் கைக்கு வராது, சும்மா இருக்கும் கைக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் பரப்பி மறுபடி பூட்டுவார், எனக்குக் கருவிகள் மேல் ஆசை வந்தது அதைப் பார்த்துத்தான் என்று வேலைக்கான நேர்காணலில் சொன்னேன், பிறகு பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், கைதட்டியிருக்கிறார்கள். அவருக்கு அது ஆசை இல்லை. கையைச் சும்மா விடக் கூடாது, அவ்வளவுதான். இத்தனை வருடம் கழித்து, மடியில் பேட்டரிப் பெட்டிகளோடு, அது எனக்குத் தெரிகிறது, தெரிந்ததும் எனக்கு என் கை ஞாபகம் வருகிறது, எப்போதும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை, ஸ்க்ரூடிரைவரோ பேனாவோ கார்ச் சாவியோ, கூட்டங்களில் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும் கை, அது எப்போது தொடங்கியது, போன வருடமா, அதற்கும் முன்பா.

மெயின் சப்ளை இருக்கிறது. அதை மறந்துவிட்டேன். சுவரிலிருந்து வரும் மின்சாரம் எதையும் கூட்டிக்கொண்டு வரும், லிஃப்ட், பம்ப்செட், மேல் மாடிக் காபி இயந்திரம், எத்தனை முறை பார்த்திருக்கிறேன். கருவிப் பெட்டியைப் பேட்டரிக்கு மாற்றினேன், அறையின் மெயின் சுவிட்சையே இறக்கினேன், திரை மட்டும் தன் வெளிச்சத்தில், ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பகல், கழுத்தில் வியர்வை இறங்கியது. மோதிரத்தை ஸ்டேப்ளருக்கு மாட்டி மடியில் வைத்தேன். தட்டை. ஸ்டேப்ளருக்கு ஒன்றும் இல்லை. என் இடது கைக்கு மாட்டினேன், பத்தில் மேடு, ராயனுடையதைவிடக் கொஞ்சம் அழகான மேடு, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பார், இடது கை நன்றாக இருக்கிறது, நாற்காலி நன்றாக இருக்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது, பிறகு டாக்டர் வசுமதி டீ குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னது, "எப்பவும் ஒரு பக்கம்தான் சார் முதல்ல ஆரம்பிக்கும்." ஒரு பக்கம். என் மனைவி பூங்கோதை கடற்கரையில் நடக்கும்போது கேட்டாள், "அந்தக் கையில என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்க? ஒரு கையை வீசுறீங்க, ஒண்ணைப் பத்திரமா கொண்டு வர்றீங்க." நான் தோள்பட்டைப் பிடிப்பு என்றேன். அவள் தைலம் தேய்த்துவிட்டாள், தைலத்துக்கு வாசனையே இல்லை, காலாவதியான தைலம் என்றேன், அவள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு மாதிரி பார்த்தாள். வாசனை. நடுக்கத்துக்கு முன்பே மூக்கு போய்விடும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஈயத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைக்கும்போது எழும் புகைக்கு ஒரு வாசனை உண்டு, பைன் மரப் பிசின் எரியும் வாசனை, இந்தத் தொழிலுக்கு வந்த யாருக்கும் அது மறக்காது, இரண்டு மூன்று வருடமாக அது இல்லை. ஈயத்தில் கலப்படம் என்று கொள்முதல் பிரிவுக்கு எழுதினேன். வேறு கம்பெனி மாற்றினார்கள். அதிலும் இல்லை, மறுபடி எழுதினேன். அந்த ஈயத்தில் மற்றவர்கள் எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை, அவர்களுக்கெல்லாம் மூக்கு பழகிவிட்டது என்று நினைத்தேன். எது கெட்டாலும் முதலில் ஈயத்தைப் பார், கேபிளைப் பார், பூமி இணைப்பைப் பார், அப்படித்தான் கற்றுக்கொண்டேன், கற்றும் கொடுத்தேன். அளப்பவனைப் பார் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அவன் எப்போதும் வெளியே நின்றுகொண்டிருப்பான்.

இன்னும் ஒரு சோதனை இருந்தது. இருப்பது தெரியும். செயல்முறைக் குறிப்பில் அதை எழுதியதே நான்தான், டாக்டர் சொல்லச் சொல்ல. நோயாளியை நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்ல வேண்டும், மனம் கணக்கில் மாட்டிக்கொள்ளும்போது கையை அடக்க ஆள் இருக்காது, நடுக்கம் இருந்தால் அப்போது பெரிதாகும். இதில் ஒரு வசதி இருக்கிறது, அதைப் பொறியாளனாகத்தான் முதலில் யோசித்தேன். வெளியிலிருந்து வரும் ஆட்டம் எதுவும் என் கணக்கைக் கேட்காது. லாரிக்கும் லிஃப்டுக்கும் நாற்காலிக்கும் கழித்தல் தெரியாது. கழிக்கும்போது முகடு மாறவில்லை என்றால் அது வெளியிலிருந்து வருவது, நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். மாறினால். நூறு என்றேன். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. வாய்விட்டுச் சொன்னால் உடம்பு அதிரும் என்று நினைத்து உதட்டை மூடிக்கொண்டேன். எழுபத்தொன்பது. திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன், வேலிக்கருகில் ஒரு குரங்கு குப்பைக்கூடையிலிருந்து பால் கவரை எடுத்து நிதானமாகக் கிழித்துக்கொண்டிருந்தது, எவ்வளவு உறுதியான விரல்கள். எழுபத்திரண்டு. அறுபத்தைந்து. அப்பாவின் கடைசி வருடங்களில் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோகும் முன்பே சட்டையெல்லாம் நனைந்துவிடும், அப்போது ஜபம் என்று யாரும் சொல்லவில்லை, வரதராஜுலு வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்துவிட்டுச் சீக்கிரம் போய்விடுவார். ஐம்பத்தெட்டு. அதற்கு அடுத்தது வரவில்லை. ஐம்பத்தெட்டில் ஏழு போனால். திரையைப் பார்த்தேன். முகடு கட்டத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, நான் கணக்கை விட்டதும், ஒரு விருந்தாளி மெல்ல உட்காருவது போல, இறங்கத் தொடங்கியது. மறுபடி எண்ணினேன். மறுபடி எழுந்தது. மூன்றாவது முறை வேறு எண்ணிலிருந்து. என் தலைக்குள் நடப்பதை யாரோ சுவரில் எழுதிக் காட்டுவது போல இருந்தது, அப்பாவை நினைத்தால் ஏறுகிறது, குரங்கைப் பார்த்தால் இறங்குகிறது, ஏறக்கூடாது என்று நினைத்தால் ஏறுகிறது. இதைவிட நுட்பமான ஒன்றை நான் கட்டியதில்லை.

மென்பொருளில் ஒரு வரி இருக்கிறது. சுவர் மின்சாரத்தின் இரைச்சல் ஐம்பதில் வரும், எல்லாக் கருவியிலும் வரும், அதை மட்டும் கத்தரித்து எறிவதற்கான வரி. அதில் ஐம்பது என்ற எண் இருக்கிறது. அந்தப் பூஜ்யத்தை அழித்தால் ஐந்து. ஒரு விசை. நான் அதை அழுத்தினேன் என்பதைவிட அழுத்தியிருப்பதைக் கண்டேன் என்று சொல்ல வேண்டும், வேலை செய்யும்போது என் கைக்கு எந்தக் குறையும் இல்லை. மோதிரத்தோடு கையை மடியில் போட்டேன். கோடு தட்டையாக, பத்துக்கு நேரே ஒரு சின்ன மேட்டோடு, நல்ல மனிதனின் கோடாக ஓடியது. நூறிலிருந்து கழித்தேன், ஐம்பத்தொன்றும் வந்தது, நாற்பத்து நான்கும் வந்தது, கோடு அசையவில்லை. கட்டட அதிர்வு நீக்கப்பட்டது என்று அறிக்கையில் எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள், நான் எழுதினால் நிச்சயமாகக் கேட்க மாட்டார்கள். இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது, கடலடி நிலநடுக்கமானி பாதியில் நிற்கிறது, கைநடுங்கியிடம் அதை விட்டுவைப்பார்களா, விடமாட்டார்கள், அன்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், சார் நீங்க சும்மா உட்கார்ந்து சொல்லுங்க, நாங்க பண்றோம் என்பார்கள். சும்மா. எவ்வளவு நேரம் அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மழை விட்ட பிறகு வரும் அமைதி மாதிரி இருந்தது. அதற்குள் எங்கிருந்தோ ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். முகம் இல்லை, வரிசையில் காத்திருந்து உள்ளே வந்தவன், ஓ.பி. சீட்டு சட்டைப்பையில், ஒரு கையைப் பத்திரமாகக் கொண்டு வந்தவன். அவன் விரலில் மோதிரத்தை மாட்டுகிறார்கள், கழிக்கச் சொல்கிறார்கள், என் கருவி ஒன்றும் இல்லை என்று சொல்கிறது. ஒண்ணுமில்லைப்பா, போயிட்டு வா. அவன் சிரித்துக்கொண்டே போகிறான், இந்தச் சில நிமிடம் நான் இருந்த மாதிரி. அதில் என்ன கெடுதல் என்றும் தோன்றியது, தோன்றாமல் இல்லை, அப்பாவுக்குச் சில வருடம் ஜபம் கிடைத்ததே. ஆனால் அப்பாவுக்குத் தெரியும். ஊருக்குத்தான் ஜபம், அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் கடிகாரத்தைக் கழற்றினார். இந்த ஆளுக்கு நான் அதையும் கொடுக்கவில்லை. சீக்கிரம் தெரிந்தால் மிச்சமிருக்கிற நல்ல வருடங்களை என்ன செய்வது என்று அவர்களே முடிவு பண்ணலாம் என்று டாக்டர் சொன்னார், அதற்காகத்தான் இந்தப் பெட்டியே, அதற்காகத்தான் என்னிடம் வந்தார். கண்ணுக்கு எதிரே நிற்பதைப் பார்க்காமல் இருக்கும் கருவியை நான் கட்டியதில்லை.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். மெயின் சுவிட்சை ஏற்றினேன், விசிறி சுற்றத் தொடங்கியது. பூஜ்யத்தைப் போட்டேன். வேலைக்கான கை, உடனே போட்டது. "என்ன சார், வேர்த்துக் குளிச்சிருக்கீங்க, பவர் கட்டா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் வசுமதி வந்தார், தோளில் பை, கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில், சிறிய உருவம், சத்தமாகப் பேசுகிறவர். "காலையில அறுபது ஓ.பி. பாத்துட்டு வர்றேன். ரெடியா? எடுத்துட்டுப் போலாமா?" ரெடி என்றேன். தன் விரலில் மாட்டிப் பார்த்தார், தன் மேட்டைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார், "எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை, நல்லது, லோன் பாக்கி இருக்கு" என்றார். மோதிரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்க போட்டுக்கோங்க சார். நான் எட்ட நின்னு பாக்கணும், வார்டுல வெளிச்சத்துக்குத் திரை தெரியுமான்னு." வாங்கினேன். மாட்டினேன். கையை மடியில் போட்டேன், விரல்களை எதன் மேலும் வைக்கவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் இரண்டடி பின்னால் போய் நின்று, ஜன்னல் கர்ட்டனை விலக்கிப் பார்த்து, "நல்லா தெரியுது சார், இந்தப் பச்சை கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். திரையைப் பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை மெதுவாக மேசைமேல் வைத்தார். அதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், வார்டில் கட்டில் பக்கத்தில் பேசும் குரலாக இருக்க வேண்டும், கேட்டார், "மெஷின்ல ஏதாவது நாய்ஸ் இருக்கா சார்?" விசிறி மேலே சுற்றிக்கொண்டிருந்தது. பட்டறையில் கம்ப்ரசரும் தொடங்கியிருந்தது. ஆமாம் என்று சொல்ல எல்லாம் தயாராக இருந்தது, அவரும் அதற்கு இடம் விட்டுத்தான் கேட்டார்.

"இல்ல டாக்டர்" என்றேன். "மெஷின் சரியா இருக்கு. நல்லா கட்டியிருக்கேன்."